தலை குனிந்து எடுத்த படம்

தெருமுனையில் ஃபிளெக்ஸ் போர்டு கட்டியிருந்தார்கள். மேலே 'கண்ணீர் அஞ்சலி'. நடுவில் ஒரு முகம்.

ஸ்ரீவைகுண்டத்தில் ஒரு வளைகாப்புக்குப் போய்விட்டு அப்போதுதான் பஸ்ஸை விட்டு இறங்கியிருந்தேன். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தேன். தெரிந்த முகமாக இல்லை. பெயரைப் படிக்கலாம் என்றால் போர்டின் கீழ்ப்பாதியை மறைத்துக்கொண்டு ஒரு வேன் நின்றது. பக்கத்தில் இருந்த ஆட்டோக்காரரிடம், யார் தம்பி என்று கேட்டேன்.

"என்னம்மா இப்படிக் கேக்கீய? உங்க எதிர்வீட்டு அம்மாதான்" என்றார்.

அப்படியே நின்றுவிட்டேன்.

தங்கபுஷ்பம் மைனி போய்விட்டார் என்பது ஒரு அதிர்ச்சி. அந்த முகத்துக்கு நேரே நின்றுகொண்டு 'யார்?' என்று நான் கேட்டேனே... அது இன்னொரு அதிர்ச்சி. தினமும் கதவைத் திறந்ததும் நான் முதலில் பார்க்கிற முகம் மைனியின் முகம்தான். வாசல் தெளித்துக்கொண்டே தெருவுக்குக் கேட்கிற மாதிரி சிரிப்பார். போர்டில் இருந்த அம்மாளோ, போலீஸ் ஸ்டேஷனில் கொண்டுபோய் நிறுத்தி வைத்த மாதிரி இருந்தாள். கண் பாதி மூடியிருந்தது. உதட்டை இறுக்கிக் கடித்திருந்தாள்.

என்ன நடந்தது என்று பிறகு தெரிந்தது. மைனிக்கு வேறு படமே இல்லை. அடையாள அட்டையில் இருந்த தபால்தலை அளவுப் படத்தை ஆள் உயரத்துக்கு இழுத்திருக்கிறார்கள். துக்கத்துக்கு வந்தவர்கள் போர்டைத் தாண்டிப் போய் அடுத்த தெருவில் விசாரித்தார்களாம். இறந்தது பெண்ணா ஆணா என்றுகூட ஒருவர் கேட்டாராம்.

மைனியின் மருமகள் ஜெயா அதைச் சொல்லும்போது தலையை நிமிர்த்தவில்லை.

காரியம் முடிந்து வீட்டுக்கு வந்தேன். பீரோவைத் திறந்து என் படங்களைத் தேடினேன். தேடினேன் என்று பெருமையாகச் சொல்கிறேன்... எங்கே இருக்கிறது? மாதாமாதம் நான் எழுதுகிற இந்தப் பத்திரிகைப் பக்கத்தில்கூட என் முகத்துக்குப் பதில் ஒரு பூ படம்தான் வருகிறது, உங்களுக்கே தெரியும். கேமராவைக் கண்டால் எனக்கு உடனே அடுப்படியில் வேலை வந்துவிடும். கல்யாண ஆல்பங்களில் எல்லாம் நான் யாருடைய முதுகுக்காவது பின்னால் பாதி நெற்றியாக இருக்கிறேன். என் சொந்தக் கல்யாணப் படத்திலேயே என் வகிடு மட்டும்தான் தெரிகிறது. பக்கத்தில் அவர் ஜம்மென்று நிமிர்ந்து நிற்கிறார். அவர் இறந்தபோது எங்களுக்குப் படத்துக்குக் குறைவில்லை.

எனக்கு மிச்சம் இருந்தது அடையாள அட்டை. எடுத்துப் பார்த்தேன்.

பார்த்திருக்கக் கூடாது.

நாளைக்கு நான் போனால் இந்த அம்மாள்தான் தெருமுனையில் நிற்பாளா? சாவதற்கு எனக்குப் பயமில்லை. வயதாகிவிட்டது, வரும்போது வரட்டும். ஆனால் என்னை வழியனுப்ப வருகிறவர்கள், "யாரு இது?" என்று கேட்டுவிட்டு அடுத்த தெருவுக்குப் போகக் கூடாது. அது ஒன்றுதான் எனக்கு வேண்டும். பெரிய ஆசையா, சொல்லுங்கள்?

என் ஓரகத்தி கனியிடம் சொன்னேன். என் கொழுந்தனின் மனைவி. மாப்பிள்ளையூரணியில் பலசரக்குக் கடை வைத்திருக்கிறாள். எனக்கு இல்லாத வாயையும் சேர்த்து ஆண்டவன் அவளுக்குக் கொடுத்துவிட்டான்.

"அக்கா, நீங்க செத்தாலும் சேலையை இழுத்து மூஞ்சியை மூடிக்கிடுவீய. உங்களுக்கு எதுக்குப் படம்?" என்றாள். சொல்லிக்கொண்டே போனைத் தூக்கி என்னை எடுத்தும் விட்டாள்.

காட்டினாள். தூக்கிவாரிப் போட்டது. கன்னத்தில் ஒரு சுருக்கம் இல்லை. உதட்டில் ரோஸ் கலர். கண் இரண்டும் மீன் மாதிரி பளபளவென்று இருக்கிறது. போனே அப்படிச் செய்துகொள்ளுமாம்!

"ஏளா, இது யாரு வீட்டுப் பிள்ளை?" என்று கேட்டேன்.

ஒன்றில் கைதி... ஒன்றில் கதாநாயகி. நடுவில் இருக்கிற என்னை எடுக்க ஒரு மெஷினும் கிடையாதா?

கனிக்குத் திடீரென்று ஒருவர் ஞாபகம் வந்தார். சவரிமுத்து அண்ணாச்சி. பழைய துறைமுகத்துப் பக்கம் கடை. தோணிக்கும் கப்பலுக்கும் வெங்காயம், பருப்பு, குடிதண்ணீர் எல்லாம் கட்டி அனுப்புகிறவர். கனி அவரிடம்தான் மொத்தமாகச் சரக்கு எடுக்கிறாள். அவர் ஏதோ பழங்காலத்து ஃபிலிம் கேமரா வைத்து, கூப்பிட்டவர்களை ஆசைக்காகப் படம் எடுத்துத் தருகிறாராம். ஒரு கப்பலின் சமையல்காரர் ஊருக்குப் போகும்போது அவரிடம் விற்றுவிட்டுப் போன கேமரா.

வரமாட்டேன் என்றேன். கனி என் கையைப் பிடித்து ஆட்டோவில் ஏற்றினாள்.

கடைக்குப் பின்னால் குடோன். வாசலில் வெங்காய மூட்டை ஒன்றைப் போட்டு அதில் என்னை உட்காரச் சொன்னார் அண்ணாச்சி. எதிரே வெள்ளையடித்த சுவர். வெயில் அந்தச் சுவரில் பட்டுத் திரும்பி மெதுவாக என் மேல் விழுந்தது. நேர் வெயில் முகத்துக்கு ஆகாதாம். நான் சேலைத் தலைப்பை விரலில் சுற்றிக்கொண்டு, அவர் கேமராவைக் கண்ணில் வைக்கிற நேரத்துக்காகக் காத்திருந்தேன். வைத்ததும் எனக்குக் கழுத்து விறைத்துவிடும். எனக்குத் தெரியும்.

அவர் வைக்கவே இல்லை.

கழுத்தில் ஒரு பெட்டியை மாட்டிக்கொண்டார். வயிற்றுக்கு நேரே தொங்கியது. முன்பக்கம் இரண்டு கண், ஒன்றுக்கு மேல் ஒன்றாக. மேல்மூடியைத் தூக்கினார். நாலு பக்கமும் சின்னச் சின்னத் தகடுகள் எழும்பி நின்றன. அதற்குள் தலையைக் குனிந்துகொண்டார். அவ்வளவுதான். என்னைப் பார்க்கவே இல்லை! கோயிலில் ஆள் குனிந்து நிற்கிற மாதிரி நின்றுகொண்டு, பக்கவாட்டில் ஒரு திருகை மெதுவாகத் திருகிக்கொண்டிருந்தார். இடையிடையே கேமராவைத் திருப்பி அதன் முதுகை ஒருமுறை பார்ப்பார். மறுபடி குனிவார்.

பாவம், ரிப்பேர் பார்க்கிறார் போலிருக்கிறது என்று நினைத்தேன். அவர் பார்க்கட்டும் என்று நானும் கனியும் வெங்காய விலை பேச ஆரம்பித்தோம்.

கனிக்குப் பொறுமை கிடையாது. "உள்ள அப்படி என்னதான் தெரியுது அண்ணாச்சி?" என்று கேட்டுவிட்டாள்.

அவர் கேமராவைக் கழற்றி ஒரு மரப்பெட்டி மேல் வைத்தார். கனியை என் இடத்தில் உட்காரவைத்து, என்னை வந்து பார்க்கச் சொன்னார்.

குனிந்தேன்.

எப்படிச் சொல்வது... ஒரு சதுரக் கண்ணாடி. அதற்குள் கனி. கலரில்! உள்ளங்கை அளவு கனி, வெங்காய மூட்டை மேல் உட்கார்ந்து மூக்கைச் சொறிந்துகொண்டிருக்கிறாள். டிவி இல்லை, கரண்டு இல்லை, பேட்டரி இல்லை. உயிரோடு அசைகிறாள். இன்னொன்றும் பார்த்தேன். அவள் முந்தானை வலது தோளில் கிடக்கிறது! நிமிர்ந்து பார்த்தேன். இடது தோளில்தான் இருக்கிறது. மறுபடி குனிந்தேன். வலது தோள். வலது பக்கம் குத்திய மூக்குத்தி இடது பக்கம் மினுங்குகிறது.

அண்ணாச்சி சிரித்தார். மேல் கண் பார்ப்பதற்கு, கீழ்க் கண் படம் பிடிப்பதற்கு என்றார். மேல் கண்ணுக்குப் பின்னால் ஒரு கண்ணாடியைச் சாய்த்து வைத்திருக்கிறார்களாம். எதிரே இருப்பது அதில் பட்டு, அப்படியே மேலே எழும்பிச் சதுரக் கண்ணாடியில் விழுகிறது. முகம் பார்க்கிற கண்ணாடியில் இடமும் வலமும் மாறுகிறதல்லவா, அதே மாதிரிதான். கீழ்க் கண்ணுக்குப் பின்னால் ஃபிலிம். அங்கே கண்ணாடி கிடையாது, அதனால் படத்தில் எல்லாம் சரியாக வந்துவிடும். முன்பக்கம் முழுவதும் ஒரே பலகை. திருகைத் திருகினால் இரண்டு கண்ணும் சேர்ந்தே முன்னே வரும், பின்னே போகும். மேலே தெளிவாகத் தெரிந்தால் கீழேயும் தெளிவு.

ஃபிலிம் நம் காலத்துச் சின்ன டப்பி ரோல் இல்லை. உள்ளங்கை அகலத்தில், முதுகில் கறுப்புக் காகிதம் ஒட்டிச் சுருட்டிய ரோல். ஒரு ரோலுக்குப் பன்னிரண்டு படம். கேமராவின் முதுகில் சிவப்புக் கண்ணாடி போட்ட சின்ன ஜன்னல் இருக்கிறது. ஃபிலிமுக்கென்று இருக்கிற இன்னொரு திருகைத் திருகிக்கொண்டே வந்தால், காகிதத்தில் அச்சடித்த அடுத்த நம்பர் அதில் வந்து நிற்கும். அதைத்தான் அவர் அடிக்கடி திருப்பிப் பார்த்திருக்கிறார். திருக மறந்தால்? ஒரு படத்தின் மேலேயே இன்னொரு படம் விழுந்துவிடுமாம். ஒரு தோணிக்காரரை எடுத்துவிட்டு, திருகாமல் துறைமுகத்தை எடுத்திருக்கிறார். அந்த மனுஷன் நெஞ்சு வழியாக கிரேன் தெரிந்ததாம்.

கேட்கக் கேட்க எனக்கு ஆச்சரியம் தாங்கவில்லை. திரும்பி வந்து மூட்டையில் உட்கார்ந்தேன். கை தானாகக் கன்னத்துக்குப் போய்விட்டது. வாய் மூடவில்லை. கேமராவை மறுபடி மாட்டிக்கொண்ட அண்ணாச்சி குனிந்தபடியே, கண்ணாடிக்குள் கனி எப்படி இருந்தாள் என்று கேட்டார்.

"ஏ அம்மா... சிமிழுக்குள்ள போட்டு அடைச்ச மாதிரில்லா இருந்தா" என்றேன்.

'டிக்' என்று ஒரு சத்தம். நகம் வெட்டுகிற சத்தம்கூட அதைவிடப் பெரிதாக இருக்கும்.

அண்ணாச்சி நிமிர்ந்து, முடிந்தது என்றார்.

"எப்ப ஆரம்பிச்சீய?" என்று கேட்டேன்.

பன்னிரண்டும் எடுத்தாகிவிட்டதாம்! நான் வெங்காய விலை பேசியது, மூக்கைத் துடைத்தது, கனியை அதட்டியது எல்லாம் அந்தப் பெட்டிக்குள் போய்விட்டது. 'ரெடி' கிடையாது. 'சிரிங்க' கிடையாது. பளிச்சென்று லைட் அடிக்கவும் இல்லை. அந்தக் கீழ்க் கண்ணுக்குள் இலை மாதிரி மெல்லிய தகடுகள் இருக்கின்றன. கண் சிமிட்டுகிற மாதிரி திறந்து மூடிக்கொள்ளும். வேறு எதுவும் அசைவதில்லை, அதனால்தான் சத்தமில்லை என்றார்.

காட்டுங்கள் என்றேன். காட்ட முடியாது என்றார். முதுகுக் கதவைத் திறந்தால் வெளிச்சம் பட்டு எல்லாம் அழிந்துவிடும். ரோலைச் சென்னைக்கு அனுப்பிக் கழுவி வரவேண்டும். எடுத்தவருக்கே தெரியாதா என்ன எடுத்தோம் என்று? தெரியாதாம்!

கிளம்பும்போது மெதுவாகக் கேட்டேன், கடையில் இத்தனை வேலைக்கு நடுவில் இந்தப் பெட்டியைப் போய்ப் பிடித்துக்கொண்டது ஏன் என்று. அண்ணாச்சி கேமராவைத் துடைத்துக்கொண்டே சொன்னார்.

"ஒரு ஆளு மூஞ்சிக்கு நேரா கேமராவைத் தூக்குததுக்கு எனக்குக் கூச்சம்மா. இதுன்னா குனிஞ்சுக்கிடலாம்லா."

கூச்சப்படுகிறவர்களுக்கென்று ஒருவன் யோசித்து மெஷின் செய்திருக்கிறான் பாருங்கள்.

இத்தோடு முடிந்திருந்தால் நல்ல கதை. முடியவில்லையே.

சில வாரம் போயிற்று. படம் ஞாபகத்தை விட்டே போய்விட்டது. போன வாரம் ஆழ்வார்திருநகரி கோயிலுக்குப் போயிருந்தேன். காலையில் பூட்டிவிட்டுக் கிளம்பியவள், போனை சார்ஜில் போட்டபடி மறந்துவிட்டேன். திரும்பி வரும்போது வெயில் சாய்ந்துவிட்டது.

தெருவுக்குள் நுழைந்ததும் பிளாஸ்டிக் நாற்காலிகள் தெரிந்தன. கூட்டம். யாரும் உரக்கப் பேசவில்லை. மறுபடியும் யார் வீட்டில்? கிட்டப் போகப் போக, கூட்டம் நிற்பது என் வீட்டு வாசலில்.

என் வழக்கப்படி சேலையைத் தோளோடு இழுத்துப் போர்த்திக்கொண்டு கடைசியில் போய் நின்றேன். முன்னால் நின்றவர்களின் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தேன்.

நான்.

பெரிய கண்ணாடிச் சட்டத்துக்குள், கறுப்பு வெள்ளையில், நான் உட்கார்ந்திருக்கிறேன். கை கன்னத்தில். வாய் லேசாகத் திறந்திருக்கிறது. கண் அகல விரிந்திருக்கிறது. சட்டத்தின் மேல் மல்லிகைச் சரம். கீழே வாழைப்பழத்தில் குத்திய ஊதுபத்தி.

ஒரு நிமிஷம் எனக்கே சந்தேகம் வந்துவிட்டது. வரும் வழியில் பஸ்ஸுக்கு ஏதாவது ஆகிவிட்டதா? நான் வந்து நிற்பது வேறு விதமாகவா? வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், கையைக் கிள்ளிப் பார்த்தேன். வலித்தது.

சரி, உயிரோடுதான் இருக்கிறேன். உடனே முன்னால் போய்ச் சொல்ல வேண்டியதுதானே என்பீர்கள். நீங்கள் சொல்வீர்கள். இத்தனை பேர் நடுவில் போய், "நான் சாகவில்லை" என்று நான் எப்படிச் சொல்வேன்? எல்லாரும் என்னைத் திரும்பிப் பார்ப்பார்களே! நின்ற இடத்திலேயே நின்றேன். கூட்டம் கலைந்த பிறகு நைசாக உள்ளே போய்விடலாம் என்றுகூட ஒரு யோசனை ஓடியது.

அப்போதுதான் கனியின் குரல் கேட்டது. படத்துக்குக் கீழே தரையில் உட்கார்ந்திருந்தாள். எப்போதும் ஊரையே அதட்டுகிறவள் உடைந்துபோய்க் கிடந்தாள்.

"படம் எடுக்கணும், படம் எடுக்கணும்னு நின்னீயளே அக்கா... இதுக்குத்தானா... செத்தாலும் மூஞ்சியை மூடிக்கிடுவீயன்னு வாய் கூசாமச் சொன்னேனே..."

கை தானாகக் கன்னத்துக்குப் போனது. வாய் திறந்துகொண்டது.

யாருக்கோ வழி விடுவதற்காக எதிர்வீட்டு ஜெயா திரும்பினாள். என்னைப் பார்த்தாள். படத்தைப் பார்த்தாள். மறுபடி என்னைப் பார்த்தாள். அதே கை, அதே கன்னம், அதே வாய்.

"பெரியம்மா..." என்றாள்.

அடுத்த நிமிஷம் மொத்தத் தெருவும் என்னைத் திரும்பிப் பார்த்தது. எதற்கு இவ்வளவு நாளும் பயந்தேனோ அது நடந்தது. கனி எழுந்து ஓடி வந்தாள். கட்டிக்கொள்ளப் போகிறாள் என்று நினைத்தேன். என் தோளில் ஓங்கி ஓர் அடி வைத்தாள்.

"போனை எடுக்க மாட்டீயளோ?" என்றாள். பிறகுதான் கட்டிக்கொண்டு அழுதாள்.

நடந்தது இதுதான். சவரிமுத்து அண்ணாச்சி படத்தை ஆட்டோவில் கொடுத்தனுப்பியிருக்கிறார். வீடு பூட்டியிருந்ததால் ஆட்டோக்காரர் வாசலில் கிடந்த நாற்காலியில் சாய்த்து வைத்துவிட்டுப் போய்விட்டார். ஜெயா வெளியே வந்து பார்த்திருக்கிறாள். கறுப்பு வெள்ளை, பெரிய சைஸ், கண்ணாடிச் சட்டம். நம் ஊரில் இப்போதெல்லாம் அப்படி ஒரு படம் எதற்கு வாசலுக்கு வரும்? பதறிப்போய், தலையில் வைத்திருந்த பூவை எடுத்துப் போட்டிருக்கிறாள். அடுத்து வந்தவர் பூவைப் பார்த்து ஊதுபத்தி ஏற்றினார். அதற்கடுத்து வந்தவர் ஊதுபத்தியைப் பார்த்துக் கனிக்குப் போன் போட்டார். கனி எனக்குப் போட்டாள். பூட்டிய வீட்டுக்குள் போன் அடிக்கிறது, எடுக்க ஆளில்லை. அவ்வளவுதான், தெரு முடிவு செய்துவிட்டது. உடலைப் பெரியாஸ்பத்திரியில் வைத்திருக்கிறார்கள் என்று யாரோ சொன்னார்களாம். யார் என்று இன்றுவரை தெரியவில்லை. நாற்காலிகள் தானாக வந்தன.

கோயம்புத்தூரில் இருக்கிற என் மகளுக்குப் போன் போட்டேன். என் குரலைக் கேட்டதும் அழுதாள். பிறகு திட்டினாள். செய்தி கேட்டு இங்கே கிளம்பி, பஸ் ஸ்டாண்டில் நின்றுகொண்டிருந்தாளாம்.

சவரிமுத்து அண்ணாச்சியும் செய்தி கேட்டு ஓடி வந்துவிட்டார். கையில் ரோஜா மாலை. வாசலில் நான் காபி கொடுத்துக்கொண்டு நிற்பதைப் பார்த்ததும் மாலையை எங்கே வைப்பது என்று அவருக்குத் தெரியவில்லை. அப்படியே தலையைக் குனிந்துகொண்டார், கேமரா இல்லாமலே.

கூட்டம் கலைந்தபின் ஜெயா மட்டும் நின்றாள். சட்டத்தில் இருந்த மல்லிகையை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டு, படத்தையே பார்த்தாள்.

"எங்க அத்தைக்கு இப்படி ஒண்ணு எடுத்து வைக்காமப் போயிட்டோமே பெரியம்மா" என்றாள்.

எதிரே மைனியின் வாசல் தெளிக்காமல் கிடந்தது.

அன்றைக்குத் தூக்கம் வராமல் படுத்திருந்தபோதுதான் எனக்கு உறைத்தது. எத்தனை பேர் வந்தார்கள்... பக்கத்துத் தெரு ஆட்கள், கனியின் கடைக்கு வருகிறவர்கள், என்னோடு ஒரு வார்த்தைகூடப் பேசியிராதவர்கள். அத்தனை பேரில் ஒருவராவது அந்தப் படத்தைப் பார்த்து, "யாரு இது?" என்று கேட்டாரா?

கேட்கவில்லை. ஒருவர்கூடக் கேட்கவில்லை.

அதற்கு மேல் எனக்கு என்ன வேண்டும்?

படத்தைச் சுவரில் மாட்டக் கனி விடவில்லை. அவரவர் நேரம் வரும்போது மாட்டிக்கொள்ளலாம் என்று ஒரு பழைய சேலையில் சுற்றி பீரோவுக்குள் வைத்துவிட்டாள். போகிற போக்கில், அண்ணாச்சியிடம் தனக்கும் ஒன்று சொல்லி வைத்திருப்பதாகச் சொன்னாள். ஜெயாவையும் கூட்டிக்கொண்டு போகிறாளாம்.

இந்த விஷயம் எப்படியோ பத்திரிகை ஆசிரியர் காதுக்கும் போய்விட்டது. பூ படத்தை எடுத்துவிட்டு அந்தப் படத்தையே இந்தப் பக்கத்தில் போடலாமா என்று போனில் கேட்டார்.

வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். கறுப்பு வெள்ளையில் என் முகத்தையும் கீழே என் பெயரையும் பார்த்தால்... நீங்கள் எல்லாரும் மாலை வாங்கக் கிளம்பிவிடுவீர்களே!